பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டெரிக் கைலர் கதாநாயகனாகாமலே எப்படி இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்?

சுருக்கமாகச் சொன்னால், குரல். லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள வாலசியில் 1914இல் பிறந்தவர். அந்தப் பக்கத்துப் பேச்சு அப்போது பிபிசி வானொலியில் அரிது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 'இட்மா' என்ற அரைமணி நேர நகைச்சுவை நிகழ்ச்சியில் ஃப்ரிஸ்பி டைக் என்ற லிவர்பூல்காரராக வந்தார். (போரில் குண்டுவீச்சுக்கு இரையான லிவர்பூல் கடை ஒன்றின் பெயர் அது.) வேலை சின்னதுதான்: நிகழ்ச்சியின் நாயகர் டாமி ஹேன்ட்லி வாயில் நுழையாத சொல் ஒன்றை எடுத்துவிடுவார், டைக் அசராமல் "அப்படின்னா என்ன?" என்பார். சிரிப்பு அந்த அப்பாவித்தனத்தில்தான். கொஞ்சம் கூட்டி நடித்தாலும் கெட்டுவிடும். 1949 ஜனவரியில் ஹேன்ட்லி இறந்ததும் நிகழ்ச்சியும் நின்றது.

ஒரே பாத்திரத்தை நம்பியிருந்தால் கைலர் அத்தோடு காணாமல் போயிருப்பார். ஆனால் அவருக்குக் கனத்த, அதிகாரத் தொனியும் வரும். 1966 முதல் 1977 வரை 'மென் ஃப்ரம் தி மினிஸ்ட்ரி' வானொலித் தொடரில் ரிச்சர்ட் மர்டாக்குடன் சொதப்பும் அரசு அதிகாரி. தொலைக்காட்சியில் 'ப்ளீஸ் சார்!' (1968–72) தொடரின் பள்ளிக் காவலாளி பாட்டர், 'சைக்ஸ்' (1972–79) தொடரின் கான்ஸ்டபிள் கார்க்கி. என் கணிப்பில் பாட்டர்தான் உச்சம்: பழைய போர்ப் பெருமை பேசிக்கொண்டே சீருடை மிடுக்கில் திரியும் ஆள். பீட்டில்ஸின் 1964ஆம் ஆண்டுப் படத்திலும் போலீஸ்காரர்தான். சீருடை வேடம் என்றாலே இவரைத்தான் தேடினார்கள்போல!

இன்னொன்று: துணி துவைக்கும் வாஷ்போர்டைத் தாளவாத்தியமாக வாசிப்பதிலும் கைதேர்ந்தவர்.