நடுராத்திரியில் கழற்றி எறிந்த மாஸ்க்

கேள்வி: எனக்கு 48 வயது. பல வருடங்களாகக் குறட்டை உண்டு. காலையில் எழுந்தால் தலைவலி, பகல் முழுக்க அசதி. ஒருநாள் வண்டி ஓட்டும்போதே கண் செருகிவிட்டது. தூக்கப் பரிசோதனை செய்ததில் ஸ்லீப் அப்னியா என்றும், மணிக்கு 34 முறை மூச்சு தடைப்படுகிறது என்றும் சொன்னார்கள். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபாப் மெஷின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க். மாட்டியதும் மூச்சு முட்டுகிறது, பயம் வந்துவிடுகிறது. கரண்ட் போனால் என்ன ஆவேன் என்ற நினைப்பு வேறு. எப்படியோ தூங்கிப்போனாலும் நடுவில் கழற்றி எறிந்துவிடுகிறேன். எப்போது கழற்றினேன் என்பதுகூட நினைவில்லை. இரண்டு, இரண்டரை மணி நேரம்தான் போட்டிருக்கிறேன் என்று மெஷின் காட்டுகிறது. கணவர் பக்கத்தில் இந்தக் கோலத்தில் படுக்கவும் கூச்சமாக இருக்கிறது. இதைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாமா? தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு மாட்டலாமா? ஆபரேஷன் செய்தால் தீராதா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, மெஷினை உள்ளே வைத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கிற தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை.

அதற்கு முன்னால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பகல் தூக்கம் கட்டுப்பாட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டாதீர்கள். கொஞ்ச தூரம்தானே என்றுகூட வேண்டாம். ஒருமுறை கண் செருகியவருக்கு மறுபடியும் செருகும். அது உங்களுக்கு மட்டுமான ஆபத்தும் அல்ல.

இனி அந்த 34-க்கு வருவோம். பரிசோதனையில், குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றாலோ பெருமளவு குறைந்தாலோதான் ஒன்று என்று கணக்கில் சேர்ப்பார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் தீவிரம். உங்களுடையது தீவிர வகை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை ஒட்டிக்கொள்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறிப்போய் உங்களை அரைகுறையாக எழுப்புகிறது, மூச்சு திரும்புகிறது, மறுபடியும் ஒட்டிக்கொள்கிறது. சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இது நடந்திருக்கிறது. எட்டு மணி நேரம் படுத்தும் அசதியோடு எழுந்தது உங்கள் சோம்பல் அல்ல என்பதை முதலில் நீங்கள் நம்ப வேண்டும். இதை வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம் ஏறுவதற்கும், இதயத் துடிப்பு சீர்கெடுவதற்கும், பக்கவாதத்துக்கும் வாய்ப்பு கூடும். மெஷின் செய்வது ஒன்றே ஒன்றுதான்: காற்றின் அழுத்தத்தால் தொண்டைக்கு முட்டுக்கொடுத்து, அது சரியாமல் பார்த்துக்கொள்கிறது. உங்களுக்காக அது மூச்சு விடுவதில்லை. மூச்சை நீங்கள்தான் விடுகிறீர்கள்.

அப்படியானால் ஏன் மூச்சு முட்டுகிறது? இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மெஷின்களின் அழுத்தம் வழக்கமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவு (காற்றழுத்தத்தைக் குறிக்கும் அலகு) வரை வைக்கக்கூடியது. படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் ‘ராம்ப்’ வசதியும் இருக்கிறது. பழகுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று 4-இல் தொடங்கும்படி வைத்துவிடுவார்கள். ஆனால் பெரியவர்கள் பலருக்கு 4 என்பது போதாது. இழுக்க இழுக்கக் காற்று பற்றாததுபோல் இருக்கும். அழுத்தம் அதிகம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் குறைச்சல்தான் காரணம். இன்று இரவு கவனித்துப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது திணறினால், தொடக்க அழுத்தத்தைச் சற்று ஏற்றித் தரும்படி மருத்துவரிடமோ டெக்னீஷியனிடமோ கேளுங்கள். வெளியே விடும்போது எதிர்க்காற்றோடு போராடுவதுபோல் இருந்தால், மூச்சை விடும் நேரத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு பெரும்பாலான மெஷின்களில் இருக்கிறது, அதைப் போட்டுவிடச் சொல்லுங்கள். இரண்டும் சில நிமிட வேலை. ‘மூச்சு முட்டுகிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல், இழுக்கும்போதா விடும்போதா என்று பிரித்துச் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அடுத்தது மாஸ்க். உங்களுக்குக் கொடுத்திருப்பது மூக்கும் வாயும் மூடும் பெரிய மாஸ்க். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும், வாயால் மூச்சு விடுகிறவர்களுக்கும் அது தேவைப்படலாம். ஆனால் அடைபட்ட உணர்வால் பயப்படுகிறவர்களுக்கு அது பொருத்தமில்லாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் பொதுவாகப் பழக எளிதானது. மூக்குத் துவாரங்களில் மட்டும் பொருந்தும் சிறிய வகையும் உண்டு; அதை மாட்டினால் கண்ணுக்கு முன்னால் எதுவும் தெரியாது, கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கக்கூட முடியும். பகலில் அமைதியாக உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு சில நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். சிரமமில்லை என்றால் சிறிய மாஸ்க்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். சிரமம் இருந்தால் மூக்கைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உப்புநீர் ஸ்ப்ரேயில் தீர்கிறதா, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டுமா என்பது அடைப்பின் தன்மையைப் பொறுத்தது.

எந்த மாஸ்க்காக இருந்தாலும், கண்ணாடி முன் உட்கார்ந்து அளவு பார்க்காதீர்கள். படுத்தால் கன்னமும் தாடையும் சரிந்து முக வடிவமே மாறிவிடும். மெஷினை ஓடவிட்டு, நீங்கள் தூங்கும் நிலையில் படுத்துக்கொண்டு பட்டையைச் சரிசெய்யுங்கள். காற்று கசிந்தால் இன்னும் இறுக்க வேண்டும் என்றுதான் கை போகும். முகத்தில் படும் மெல்லிய சிலிக்கோன் விளிம்பு காற்றால் உப்பினால்தான் தோலோடு ஒட்டும். இறுக்கினால் அது நசுங்கிப்போய் கசிவு கூடிவிடும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். ஒருமுறை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி, காற்று நிரம்பியதும் மறுபடி உட்காரவிடுங்கள். கசிவு அப்போதும் நிற்கவில்லை என்றால் அளவு தப்பு, மாற்றித்தான் ஆக வேண்டும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பயந்திருக்கிறீர்கள். உங்கள் வகை மாஸ்க்கில் அதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. மெஷின் நின்றால் அது திறந்து வெளிக்காற்றை விடும். மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்தாலே போதும். மாஸ்க்கின் முன்னால் இருக்கும் சிறு துளைகள் நீங்கள் விடும் மூச்சு வெளியேறுவதற்கு. அங்கே காற்று வருகிறதே என்று டேப் ஒட்டிவிடாதீர்கள். பட்டையின் கொக்கியை ஒரே இழுப்பில் கழற்றப் பகலில் பழகிக்கொள்ளுங்கள், இருட்டில் கண்ணை மூடிக்கொண்டும் பழகுங்கள். நினைத்த நொடியில் கழற்ற முடியும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் பயத்தின் பிடி தளரும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தூக்கம் வராமல், அசந்துபோய், மனசு சோர்ந்திருக்கிற இரவு நேரத்தில் புதிதாக ஒன்றைப் பழக உடம்பைக் கேட்கிறீர்கள். அது முடியாது. மாஸ்க் பழகுவதைப் பகலுக்கு மாற்றுங்கள். முதலில் குழாயை இணைக்காமல், வெறும் மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு டிவி பாருங்கள். பயமாக இருந்தால் எடுத்துவிட்டு, அடங்கியதும் மறுபடி வையுங்கள். அது சாதாரணமானதும் பட்டையை மாட்டுங்கள். அப்புறம் மெஷினை ஓடவிட்டு, உட்கார்ந்தபடியே பாட்டுக் கேளுங்கள், செய்தித்தாள் படியுங்கள். பிறகு பகலில் ஒரு குட்டித் தூக்கம். கடைசியாகத்தான் இரவு. ஒரு படியில் மனசு முழுதாக அடங்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். சிலருக்குச் சில நாளில் முடிந்துவிடும், சிலருக்கு வாரங்கள் ஆகும். இரண்டுமே இயல்புதான். இதற்கிடையில் இரவில் எவ்வளவு நேரம் முடிகிறதோ அவ்வளவு நேரம் போடுங்கள். ஒருக்களித்துப் படுங்கள், தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் கழற்றுவதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரைத்தூக்கத்தில் ஏதோ ஒன்று தொந்தரவு செய்திருக்கிறது, கை போயிருக்கிறது. வாயும் தொண்டையும் வறண்டிருந்தால், மெஷின் தரும் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரின் ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். குழாயில் தண்ணீர் கோத்து முகத்தில் சொட்டினால் சற்றுக் குறைக்கலாம், அல்லது குழாய்க்கு உறை போடலாம். சூடாகும் குழாயும் கிடைக்கிறது. காலையில் வயிறு உப்பி ஏப்பம் வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள், அதை மருத்துவரிடம் சொன்னால் அழுத்தத்தை மாற்றிப் பார்ப்பார். கண்ணில் காற்று அடித்தால் மாஸ்க் கசிகிறது என்று அர்த்தம்.

விழிப்பு வரும்போது மாஸ்க் முகத்தில் இல்லை என்று தெரிந்தால், ‘இன்றைக்கு இவ்வளவுதான்’ என்று விட்டுவிடாமல் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலைத் தூக்கம் அவ்வளவு முக்கியம். கனவுகள் நிறைந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில்தான் வருகிறது. அந்த நேரத்தில் தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் பலருக்கு மூச்சுத் தடையும் அப்போதுதான் மோசமாகிறது. முதல் இரண்டு மணி நேரம் மட்டும் மாஸ்க் போட்டால், ஆபத்து கூடுகிற நேரத்தில் பாதுகாப்பில்லாமல் இருக்கிறீர்கள். இரவுக்கு நான்கு மணி நேரமாவது, பத்தில் ஏழு நாளாவது என்பது மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. முதலில் அதைத் தொடுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள், மணி நேரம் கூடக்கூடப் பலனும் கூடும்.

தூக்க மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். சில மாத்திரைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், மூச்சு நின்றால் மூளை எழுப்புவதையும் மட்டுப்படுத்தும். மாத்திரையின் மயக்கத்தில் மாஸ்க்கும் கழன்றுவிட்டால் நிலைமை முன்பைவிட மோசம். தேவை என்று உங்கள் மருத்துவருக்குத் தோன்றினால், எது, எத்தனை நாள் என்று அவரே சொல்வார்.

கூச்சத்தைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் கணவர் இத்தனை வருடம் பக்கத்தில் படுத்து எதைக் கேட்டிருக்கிறார் என்று யோசித்தீர்களா? குறட்டை திடீரென்று நின்று, மூச்சு வருமா வராதா என்று காத்திருந்த இரவுகள் அவருக்கும் இருந்திருக்கும். ஒருநாள் கேட்டுப் பாருங்கள். மாஸ்க் போடுவதை அவரிடமிருந்து மறைக்காமல், பகல் பயிற்சியின்போது பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கழன்றுவிட்டதை அவர் கவனித்தால் மெல்லத் தட்டி எழுப்பச் சொல்லி வையுங்கள். கேலி செய்தால், அது வலிக்கிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் கேட்டிருந்தீர்கள். 1981-இல் சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவனும் அவரோடு இருந்தவர்களும் இந்தக் காற்றழுத்த முறையை லான்செட் மருத்துவ இதழில் வெளியிடும்வரை, தீவிர நோயாளிகளுக்கு உறுதியான தீர்வாக இருந்தது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் நேரடியாக வழி செய்வதுதான். இன்று வேறு வழிகள் உண்டு: தொண்டை, தாடை அறுவை சிகிச்சைகள், நாக்கை இயக்கும் நரம்பைத் தூண்டும் கருவி, கீழ்த்தாடையை முன்னே நகர்த்திப் பிடிக்கும் பல் கிளிப். பல் கிளிப் லேசான, நடுத்தர நிலைகளில்தான் நன்றாக உதவுகிறது. அறுவை சிகிச்சை யாருக்குப் பலன் தரும் என்பது அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது, எல்லோருக்கும் முழுதாகத் தீர்வதும் இல்லை. எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது உண்மையிலேயே உதவும், ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை மெஷின் வேண்டும். எடை குறைந்த பிறகு மறுபடி பரிசோதித்துப் பார்த்து, மெஷின் தேவையா என்று முடிவு செய்யலாம்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. முகத்தில் படும் பகுதியைத் தினமும் மென்மையான சோப்பால் கழுவுங்கள், ஹியூமிடிஃபையரில் காய்ச்சி வடித்த நீரைத் தினமும் புதிதாக ஊற்றுங்கள், குழாயை வாரம் ஒருமுறை கழுவி உலர்த்துங்கள், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மெஷினையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு கசிந்தது, மாஸ்க் போட்டிருக்கும்போதும் மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது என்று மூன்றும் அதில் பதிவாகியிருக்கும். அந்த மூன்றாவது எண் தொடர்ந்து 5-க்கு மேல் இருந்தால் அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். அங்கேயே படுத்து, மாஸ்க்கை மாட்டிக் காட்டுங்கள். இரண்டு மூன்று வகை மாஸ்க் போட்டுப் பார்க்காமல் திரும்பி வராதீர்கள்.