கொச்சையா, அங்கதமா?

கேள்வி: 1960களின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த, பெரிய பதிப்பகங்களைச் சாராத, வயது வந்தோருக்கான 'அண்டர்கிரவுண்ட்' காமிக்ஸ் இதழ்களைச் சிலர் அங்கதத்தின் உச்சம் என்று போற்றுகிறார்கள். எனக்கோ அவற்றில் கொச்சைதான் தெரிகிறது. அங்கதம் எங்கே இருக்கிறது?

பதில்: கொச்சை இருப்பது உண்மை. ஆனால் அது யாருக்கு எதிராகக் கிளம்பியது என்பதை அறிய 1954-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். காமிக்ஸ் படித்துச் சிறுவர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் எழுதிய நூலும், செனட் துணைக்குழுவின் விசாரணையும் கிளப்பிய அச்சத்தில், பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். பாலியலையும் கோரத்தையும் மட்டுமல்ல, காவலர், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோரின் மதிப்புக் குறையும்படி வரைவதையும் அது தடுத்தது. எல்லாக் கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வெளிவந்த, ஓவியர் ராபர்ட் கிரம்ப் வரைந்த 'ஸாப் காமிக்ஸ்' முதல் இதழ், இந்த விதிகளை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து மீறியது போல இருந்தது. சிறுவர்களைக் காக்க எழுதப்பட்ட விதிகளை மீறிய அந்த இதழ், குழந்தையைத் தள்ளிச் செல்லும் வண்டியில் வைத்துத் தெருவில் விற்கப்பட்டது என்பது தனி வேடிக்கை. அவருடைய கோடுகளோ பழைய கேலிச்சித்திரங்களைப் போல உருண்டையாக, பெரிய காலணிகளோடு, பார்க்கப் பரம சாதுவாக இருக்கும். அந்தச் சாதுவான உருவங்கள் காமத்திலும் பேராசையிலும் உழல்வதைக் காணும்போது எழுகிற திடுக்கிடலில்தான் சிரிப்பு பிறக்கிறது. மேலும், அவருடைய போலிச் சாமியாரான 'மிஸ்டர் நேச்சுரல்' பரிகசிப்பது, ஞானம் தேடி அலைந்த ஹிப்பி இளைஞர்களை, அதாவது அவ்விதழ்களை வாங்கிப் படித்தவர்களையே. வாங்குபவனையும் விட்டுவைக்காத இந்தத் துணிவைத்தான் நான் அங்கதம் என்பேன்.

அதற்கு விலையும் இருந்தது. மிக்கி மவுஸை வைத்து 1971-இல் கேலி செய்த 'ஏர் பைரேட்ஸ்' என்ற அண்டர்கிரவுண்ட் ஓவியர் குழுவினர் மீது டிஸ்னி வழக்குத் தொடுத்தது. அது பதிப்புரிமை மீறலே என்று 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எது ஆபாசம் என்பதை அந்தந்தப் பகுதி மக்களின் அளவுகோலைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் கூறியதும், கடைக்காரர்கள் பலர் இவ்விதழ்களை வைக்கவே அஞ்சினார்கள்.

கேள்வி: அப்படியானால், பெண்கள் மீதான வன்முறையை வேடிக்கையாக வரைந்த பக்கங்களையும் அங்கதம் என்று ஏற்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. அதிகாரியைக் கிண்டல் செய்ததும் பெண்ணைத் துன்புறுத்திச் சிரித்ததும் ஒரே விதித்தொகுப்பை மீறியிருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல. இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் வெளியிலிருந்து வந்த தணிக்கையாளர்கள் அல்லர். அதே வட்டத்தில் வரைந்துகொண்டிருந்த டிரினா ராபின்ஸ் போன்றவர்கள்தான். கிரம்ப்பின் பக்கங்களை வெளிப்படையாகக் கண்டித்த அவர், தடை கோரி யாரிடமும் போகவில்லை; முழுக்கப் பெண்களே எழுதி வரைந்த காமிக்ஸ் இதழ் ஒன்றை 1970-இல் தோழியரோடு சேர்ந்து கொண்டுவந்தார்.