காஸ்ப்ளே உடைக்கு முழு அட்வான்ஸ் கேட்கிறார்கள், தரலாமா?

கேள்வி: என் மகள் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். பெங்களூரு வொயிட்ஃபீல்டில் நடக்கும் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழாவுக்கு, அனிமே எனப்படும் ஜப்பானிய கார்ட்டூனில் வரும் ஒரு வீராங்கனையின் வேஷத்தில் போக வேண்டுமாம். இப்படி வேஷம் போடுவதுதான் காஸ்ப்ளேயாம். இன்ஸ்டாகிராமில் ஒருவர், கவசம், உடை, விக் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய், முழுப் பணத்தையும் இப்போதே யுபிஐயில் அனுப்புங்கள் என்கிறார். 'ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைப்பதா' என்று அவள் அப்பா சத்தம் போடுகிறார். என்ன செய்யலாம்? (ஒரு தாய், அல்சூர்)

பதில்: முழுப் பணத்தை அனுப்பாதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் மொத்தமும் கைக்குப் போன பிறகு உங்கள் வேலையை முதலில் முடிக்க அவருக்கு என்ன அவசரம்? பொருள் வாங்க மூன்றில் ஒரு பங்கு, பெயின்ட் அடிக்கும் முன் கவசத்தை வீடியோவில் காட்டியதும் இன்னொரு பங்கு, கையில் வந்ததும் மீதி என்று பேசுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவரை விட்டுவிடலாம். பேச்சு போனில் வேண்டாம், சாட்டில் இருக்கட்டும். அளவு, மாதிரிப் படம், என்னென்ன சேரும், எந்தத் தேதிக்குள் வர வேண்டும், தாமதமானால் பணம் திரும்புமா, எல்லாம் எழுத்தில் வேண்டும். நிகழ்ச்சிக்கு இரண்டு வாரம் முன்பே கெடு வையுங்கள். திருவிழா முடிந்த திங்கட்கிழமை வந்து சேரும் கவசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தது. மொத்தமாக ஒருவரிடம் கொடுக்காமல் பிரித்துவிடுங்கள். துணியைச் சிக்பேட்டையில் எடுத்து, உங்கள் பக்கத்துத் தையல்காரரிடமே கொடுங்கள். சுடிதார் தைப்பவருக்கு நல்ல படம் ஒன்று காட்டினால் கோட்டும் தைத்துவிடுவார், உடம்புக்கும் சரியாக உட்காரும். கவசத்தின் விலையில் பெரும்பகுதி கூலிதான். அதை மகளே செய்யலாம். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்துப் போடும் பாய் இருக்கிறதே, அந்த இவிஏ ஃபோம்தான் மூலப்பொருள். கைக்கு 5 மி.மீ., மார்புக்கு 10 மி.மீ. கனம் போதும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடாக்கினால் வளைந்துகொடுக்கும். ஒட்டுவதற்குச் செருப்பு தைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். ஒட்டிய பின் நகர்த்த முடியாது. அதன் நெடி பொல்லாதது, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ஃபோம் பெயின்ட்டைக் குடிக்கும், அதனால் முதலில் ஒரு பூச்சு ப்ரைமர் அவசியம்.

மிச்சமாகும் பணத்தை விக்கிலும் காலணியிலும் போடுங்கள். மலிவு விக்கைப் புகைப்படம் காட்டிக்கொடுத்துவிடும்; சூடு தாங்கும் இழைதானா என்று கேட்டு வாங்குங்கள். முழு வேஷத்தோடு வீட்டிலேயே உட்கார்ந்து, மாடிப்படி ஏறி, கழிப்பறைக்கும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசிச் சோதனையில் தோற்கும் கவசங்கள்தான் அதிகம்! அவள் அப்பாவிடம் சொல்லுங்கள்: நன்றாகச் செய்த உடை அடுத்த வருடமும் உதவும், விற்கவும் செய்யலாம்.

கேள்வி: ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு ஒரு சீருடை வேஷம் வாங்கினேன். படத்தில் கெட்டியான துணி, வந்தது மெல்லிய சாட்டின். 'காஸ்ட்யூமுக்கு ரிட்டர்ன் இல்லை' என்கிறார்கள். (கே.ஆர்.புரம் வாசகர்)

பதில்: அவர்கள் சொல்வது செல்லாது. 2020-இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தாலும் இதே விதிதான். அந்த விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்பனைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை உடனே எடுங்கள், நாளைக்கே படத்தை மாற்றிவிடுவார்கள். உடையைப் போடாதீர்கள், டேக்கை வெட்டாதீர்கள், ஆல்டர் செய்யாதீர்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்தே ஆன்லைனில் மனு போடலாம்.

கேள்வி: பவர் இல்லாத சிவப்பு கான்டாக்ட் லென்ஸ் 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பவர் இல்லையென்றால் டாக்டர் தேவையில்லைதானே? (கல்லூரி மாணவர், கோரமங்களா)

பதில்: தேவை. கண்ணின் வளைவுக்கு லென்ஸ் பொருந்த வேண்டும், பவர் வேறு விஷயம். நண்பரோடு மாற்றிப் போடக் கூடாது, குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. லென்ஸைப் போட்ட பிறகுதான் மேக்கப்.

கேள்வி: தாத்தாவின் நிஜ வாள் வீட்டில் இருக்கிறது. எடுத்துப் போகலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உலோகக் கத்தியை இத்தகைய நிகழ்ச்சிகளில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், மெட்ரோ சோதனையை நீங்கள் தாண்டினால்தானே அந்த வாசல்! ஃபோம் வாளாக இருந்தாலும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.