இரவின் குளிர்ச்சியும் வேரின் காற்றும்: ஆர்க்கிட் வளர்ப்போர் கேள்விகள்

கேள்வி: கடையில் பூவோடு வாங்கிய பலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் மூன்று மாதம் பூத்து நின்றது. அதன்பின் இரண்டு ஆண்டுகளாக இலை மட்டுமே விடுகிறது. உரத்தை மாற்ற வேண்டுமா? (வாசகி, சென்னை)

பதில்: உரத்தில் குறையில்லை, குறை உங்கள் ஊரின் இரவுகளில் இருக்கிறது. கடைகளில் விற்கப்படும் பலனாப்சிஸ் கலப்பினங்களுள் பெரும்பாலானவற்றுக்கு மூதாதைகளான அமாபிலிஸ், அஃப்ரொடைட்டி ஆகிய இனங்கள் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தைவான் முதலிய நாடுகளின் காடுகளில் பெருமரங்களின் நிழலில் வளர்பவை. வெப்பம் சில வாரங்கள் தொடர்ந்து 25 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் இலையடியில் உறங்கும் மொட்டு பூந்தண்டாக நீளும். 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் இலைதான் வரும். நாற்றுப் பண்ணை நடத்துவோர் இந்த இயல்பைக் கொண்டே செடியைச் சூட்டில் வைத்துப் பூவைத் தள்ளிப்போட்டு, விற்பனைக் காலம் நெருங்கும்போது குளிர்வித்துப் பூக்க வைக்கிறார்கள்.

சென்னையில் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு மார்கழியும் தையும்தான். அந்த இரு மாதங்களிலும் செடியை வீட்டுக்குள் வைக்காமல், நேர் வெயில் படாத திறந்த பால்கனியில் இரவும் பகலும் விட்டுவையுங்கள். அதற்கு முந்தைய அடைமழையில் மட்டும் கூரைக்கடியில் இருக்கட்டும். ஓர் ஐப்பசி மழையில் நான் ஒரு செடியை ஒரே வாரத்தில் இழந்தேன். இலைகள் பசுமையாகத்தான் இருந்தன, ஆனால் நடுக்குருத்தைத் தொட்டதும் அது கையோடு வந்துவிட்டது, அடிப்பகுதி பழுப்பு நிறத்தில் குழைந்து நாறியது. காட்டில் இச்செடி மரத்திலிருந்து சாய்ந்து தொங்குவதால் குருத்தில் விழும் நீர் வழிந்தோடிவிடும். நாம் தொட்டியில் நிமிர்த்தி நடுவதால் அங்கேயே தேங்கி அழுகலை உண்டாக்குகிறது. நடும்போதே செடியைச் சற்றுச் சாய்த்து நடுவது நல்லது.

கேள்வி: வேர்கள் தொட்டிக்கு வெளியே வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெட்டிவிடலாமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: வெட்டவும் வேண்டாம், உள்ளே திணிக்கவும் வேண்டாம். அந்த வெண்மை, வேரைப் போர்த்தியிருக்கும் வெலாமன் என்னும் பஞ்சு போன்ற உறை. உலர்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகத் தெரியும். நீர் தெளித்தால் உங்கள் கண்ணெதிரிலேயே பச்சையாக மாறும். வெள்ளி நிறம் திரும்பினால் மீண்டும் நீர் ஊற்றலாம் என்று பொருள். விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருப்பது நல்ல வேர். உறை கழன்று உள்ளே நூல் மட்டும் எஞ்சினால் அது இறந்த வேர், அதை மட்டும் நறுக்கிவிடுங்கள்.

கேள்வி: செம்மண், மட்கிய சாணம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் நட்டேன். தண்டுகள் மஞ்சளித்துச் சுருங்குகின்றன. (வாசகர், மதுரை)

பதில்: ரோஜாவுக்கு உகந்த கலவை மரத்தில் வாழும் செடிக்கு ஆகாது. டென்ட்ரோபியத்தின் வேருக்கு ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணும் நார்க்கழிவும் நீரைப் பிடித்துவைத்து அந்தக் காற்றை அடைத்துவிடுகின்றன. இன்றே செடியை வெளியே எடுத்து, வேரைக் கழுவி, அழுகியதை நீக்கிவிட்டு, பக்கவாட்டிலும் துளைகள் உள்ள சிறிய தொட்டியில் அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுத் துண்டுகள், தேங்காய் மட்டைத் துண்டுகள் ஆகியவற்றை மட்டும் இட்டு நடுங்கள். மட்டைத் துண்டுகளை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அவற்றில் உள்ள உப்பும் துவர்ப்பும் நீங்க, தேநீர் நிறத்தில் இறங்கும் சாறு தெளியும்வரை நாள்தோறும் நீரை மாற்றிச் சில நாள் ஊறவைக்க வேண்டும். புது வேர் விடும்வரை உரம் வேண்டாம். பிறகு தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலை டென்ட்ரோபியத்துக்குப் பொருந்தும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுவதால் கரியின்மேல் வெண்படலம் படிந்தால் அது உப்பு. மழைநீரைச் சேமித்து நன்றாக அலசிவிடுங்கள்.

இலை உதிர்ந்த பழைய தண்டுகளைப் பலர் காய்ந்ததென்று வெட்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு நீண்டகால வருத்தம். பச்சையாக இருக்கும்வரை அவை செடியின் நீர்க்கிடங்கு. அவற்றிலிருந்தே மீண்டும் பூவும் வரக்கூடும்.

கேள்வி: பௌத்தர்களின் வெசாக் திருநாள் காலத்தில் பூக்கும் ஆர்க்கிட்டை யாழ்ப்பாணத்தில் வளர்க்க முடியுமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் கேட்பது டென்ட்ரோபியம் மக்கார்தியே, இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். அது தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நில மழைக்காடுகளில் மரங்களிலிருந்து தொங்கி, மே மாதத்தை ஒட்டி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. உங்கள் ஊரின் சூடு அதற்குப் பெரிய இடையூறன்று; தென்மேற்குப் பருவத்தில் வீசும் சோளகக் காற்று வேரை உலர்த்தும் மாதங்களை அது தாங்காது. காட்டில் அருகிவரும் செடி என்பதால், அதைக் காட்டிலிருந்து எடுத்து வந்து தருவதாக யாரேனும் சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். உலர்ந்த நிலங்களிலும் இயல்பாக வளரும் வாண்டா டெசெல்லாட்டா என்னும் ஆர்க்கிட்டை நாற்று நிலையத்தில் தேடுங்கள். ஒரு மரக்கட்டையில் கட்டித் தொங்கவிட்டால் பழுப்புக் கட்டங்களிட்ட இதழ்களோடு மணம் வீசும்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் நடைபாதையில் வாண்டா மிஸ் ஜோகிம் என்னும் ஆர்க்கிட் வைத்திருக்கிறேன். உயரமாக வளர்ந்தும் பூக்கவில்லை. (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: 1893-இல் பதிவாகி, 1981 முதல் உங்கள் நாட்டின் தேசிய மலராக விளங்கும் அச்செடிக்கு முழு வெயில் வேண்டும், நடைபாதை வெளிச்சம் போதாது. தண்டின் நுனி ஊன்றுகோலைத் தாண்டி வெயிலில் நின்றால்தான் அது பூக்கும்.

கேள்வி: தோட்டத்துப் பலாமரத்தில் ஆர்க்கிட் தானாகவே வளர்ந்திருக்கிறது. மரத்தை உறிஞ்சிவிடுமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: உறிஞ்சாது. புல்லுருவி ஒட்டுண்ணி, ஆர்க்கிட் தொற்றுத்தாவரம். பட்டையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே அது மரத்தை நாடுகிறது, உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. உங்கள் ஊரிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பூத்ததும் படம் எடுத்துச் சென்று காட்டினால் இனத்தை அறியலாம். செடி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: டென்ட்ரோபியத்தில் காய் பிடித்திருக்கிறது. விதையை எப்படி விதைப்பது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வீட்டில் இயலாது. தூசி போன்ற அவ்விதைகளில் முளைக்குத் தேவையான சேமிப்புணவு இல்லை. காட்டில் ஒரு வகைப் பூஞ்சை அதை ஊட்டுகிறது. 1922-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த அகர் என்னும் கடற்பாசிக் கூழில் பூஞ்சையில்லாமலே முளைக்க வைத்துக் காட்டினார்; இன்றும் ஆய்வகங்கள் அவ்வழியைத்தான் பின்பற்றுகின்றன. காயைக் கிள்ளிவிடுங்கள், செடியின் வலு அதில் வீணாகிறது. தண்டின் கணுவில் குட்டிச்செடி தோன்றினால், அதன் வேர்கள் இரண்டு அங்குலம் நீண்டபின் தாய்த்தண்டின் சிறு துண்டோடு வெட்டி, கரித்துண்டுகளில் தனியே நட்டுக்கொள்ளலாம்.