மூன்று வகுப்புகள், ஒரே பதிவேடு: சிக்கல் பெயரில் தொடங்குகிறது

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் தொண்டூழியர்கள் நடத்தும் மாலைநேரத் துணைப்பாட வகுப்பு ஒன்றை ஒருங்கிணைக்கிறேன். அருகிலேயே வேறு அமைப்புகள் நடத்தும் இரண்டு வகுப்புகள் உள்ளன. பிள்ளைகள் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளுக்குப் போகிறார்கள். மூவரும் தனித்தனி எக்செல் தாள் வைத்திருக்கிறோம். இவற்றை ஒன்றாக்கினால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா? சட்டம் குறுக்கே வருமா?

பதில்: பயன் உண்டு. ஆனால் மென்பொருள் விற்பவரை அழைப்பதற்குமுன் மூன்று தாள்களையும் அச்செடுத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் விதத்திலேயே பாதிக் கணக்கு கெட்டிருக்கும். ஒரு தாளில் கார்த்திக் ‘எச்’ எழுத்துடன் இருப்பான், அடுத்ததில் அந்த எழுத்து இருக்காது, மூன்றாவதில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். நான் உதவப்போன ஓரிடத்தில் ஒரு சிறுமி இரண்டு பேராகப் பதிவாகியிருந்தாள். இருவருமே பாதி நாள் வரவில்லை என்றது தாள். உண்மையில் செவ்வாய்க்கிழமை ஓரிடம், வியாழக்கிழமை மற்றோரிடம் என்று அவள் ஒரு நாளும் தவறவில்லை.

அடையாள அட்டை எண்ணை வைத்துப் பொருத்திவிடலாமே என்று தோன்றும். கூடாது. சட்டம் கோரினாலோ, ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்வது அவசியமானாலோ தவிர, 2019 செப்டம்பர் 1 முதல் அமைப்புகள் அந்த எண்ணைச் சேகரிக்க முடியாது. பிறப்புச் சான்றிதழ் எண்ணுக்கும் இதே விதிதான். மூன்று வகுப்புகளும் சேர்ந்து பிள்ளைக்கு ஒரு சொந்த எண் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2012) வியாபாரிகளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். தொண்டு அமைப்புகளையும் அது கட்டுப்படுத்தும். தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை ஒவ்வோர் அமைப்பும் நியமித்திருக்க வேண்டும். பெற்றோர் உங்களிடம் தந்த ஒப்புதல் உங்கள் வகுப்புக்கானது. பக்கத்து வகுப்புடன் பகிர்வதற்கு, காரணம் சொல்லிப் புதிதாகக் கேளுங்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரே ஒப்புதல் தர வேண்டும். மூத்தவர்கள், விவரம் புரிந்தால், தாங்களே தரலாம் என்கிறது தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டி. இருந்தாலும் உயர்நிலை மாணவர் வீட்டிலும் நான் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். படிவம் தமிழிலும் இருக்கட்டும். ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

பொதுப் பதிவேட்டில் எண், வகுப்புநிலை, பாடம், வந்த நாள், வராததற்கான காரணம் ஆகியவை போதும். காரணம் என்றால் ‘உடல்நலம்’, ‘பள்ளி வேலை’ என்ற அளவில்தான். “அப்பாவுக்கு வேலை போய்விட்டது”, “வீட்டில் சண்டை” என்றெல்லாம் அக்கறையுள்ள தொண்டூழியர் எழுதிவைத்திருப்பார். அதை உரிய சமூக சேவையாளரிடம் நேரில் சொல்லட்டும். தாளில் ஏற்ற வேண்டாம். இணைப்புக் கிடைத்த எவரும் திறக்கக்கூடிய கூகல் தாளை வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தையும் இன்றே நிறுத்துங்கள். தரவுக் கசிவால் கடும் பாதிப்பு நேரக்கூடும் என்றால், பாதிக்கப்பட்டோர் 500 பேருக்குக் குறைவாக இருந்தாலும் ஆணையத்துக்கு அறிவித்தாக வேண்டும். அறிவிக்கவேண்டிய கசிவு என்று மதிப்பிட்டதும் 3 நாள்தான் அவகாசம்.

இத்தனை பாடும் எதற்காக? மாதம் ஒருமுறை மூன்று ஒருங்கிணைப்பாளர்களும் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்ப்பதற்காக. உயர்நிலை 1 பிள்ளைகள் மட்டும் வியாழன்தோறும் காணாமல்போனால் உடனே சோம்பல் என்று முடிவுகட்டாதீர்கள். அன்று பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், வகுப்பை வேறு நாளுக்கு மாற்றினால் தீர்ந்தது. ஒரே பிள்ளை இரண்டு இடங்களிலும் கணிதம் படித்தால், ஓர் இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள பிள்ளைக்குக் கொடுக்கலாம். தொடர்ந்து மூன்று வகுப்புகள் வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் தொலைபேசியில் அழைப்பது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். இல்லாவிட்டால் மூவரும் அழைப்பார்கள், அல்லது மூவருமே அடுத்தவர் அழைத்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

தேர்வு மதிப்பெண்களை முதல் ஆண்டில் பகிராதீர்கள். கையில் மதிப்பெண் கிடைத்தால் வகுப்புகளை ஒப்பிடாமல் இருக்க யாராலும் முடியாது. பின்தங்கிய பிள்ளைகளை மனமுவந்து சேர்த்துக்கொண்ட வகுப்பு அந்த ஒப்பீட்டில் கடைசியில் நிற்கும். அடுத்த ஜனவரியில் அதுவும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கிவிடும்.