கோழிக்குப் பாசம் உண்டா?

கேள்வி: வீட்டின் பின்புறம் நாலு கோழி வளர்க்கிறேன். நான் உட்கார்ந்தால் ஒன்று மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்கிறது. இன்னொன்று, முட்டையிடத் தொடங்கியதிலிருந்து, நான் கை நீட்டினாலே இறக்கையை லேசாக விரித்துப் பதுங்கி உட்கார்ந்துவிடுகிறது. பாசம் என்று நினைக்கிறேன். வீட்டில், 'எல்லாம் தீனிக்காகத்தான்' என்கிறார்கள். எது உண்மை?

பதில்: முதலில் பயத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் சந்தேகமே இல்லை. வானத்தில் பருந்தைக் கண்டால் சேவல் போடும் சத்தம் வேறு, தரையில் நாய் வந்தால் போடும் சத்தம் வேறு. முதல் சத்தத்துக்குக் கோழிகள் ஓடிப் பதுங்கும், இரண்டாவதுக்குக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றும் முற்றும் பார்க்கும். கோழியை மல்லாக்கப் பிடித்தால் செத்ததுபோல் கிடக்குமே, அதைச் சிலர் வேடிக்கையாகச் செய்து காட்டுகிறார்கள். அது பயத்தின் உச்சம். தயவுசெய்து செய்யாதீர்கள்.

சரி, பாசம். குஞ்சு விஷயத்தில் அது கண்கூடு. 2011-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. தாய்க்கோழி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் குஞ்சுகள் மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள், அவ்வளவுதான். தாயின் மேல் எதுவும் படவில்லை, ஆனால் அதன் இதயத் துடிப்பு ஏறியது, கண்ணின் வெப்பம் இறங்கியது, குஞ்சுகளைக் கூப்பிடும் குரல் அதிகமானது.

மனிதர்களிடம் காட்டுவதும் அதே பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். பதுங்கும் கோழி, சேவலுக்கு இணங்கும் நிலையில் உட்காருகிறது. முட்டைப் பருவத்தில் வரும் பழக்கம் அது. மடியில் ஏறுவது வேறு. எந்த நேரமும் யாருக்காவது இரையாகக்கூடிய ஒரு பறவை, இறகைத் தளர்த்தி, தொண்டைக்குள் மெல்ல முனகிக்கொண்டு கண்ணை மூடுகிறது என்றால், உங்கள் மடியைப் பத்திரமான இடமாக நினைக்கிறது. வெயிலில் மண்ணை வாரிப் போட்டுக் குளித்துவிட்டு, காலை நீட்டிச் சாய்ந்து கிடக்கும்போதும் இதே நிம்மதிதான். தீனியில் தொடங்கிய நெருக்கம் என்பதால் அது பொய்யாகிவிடுமா என்ன? குஞ்சும் சூட்டுக்காகவும் இரைக்காகவும்தான் தாயின் பின்னால் ஓடுகிறது.

அப்புறம், மற்ற இரண்டையும் பழக்க நினைத்தால் மேலிருந்து கையை இறக்காதீர்கள், அவற்றுக்கு அது பருந்து வருவது போலத்தான். தரையில் உட்கார்ந்து, பக்கவாட்டில் கையைக் கொண்டுபோங்கள். மடிக்கு வருகிற கோழி இறங்கப் பார்த்தால் பிடித்து வைக்காமல் விட்டுவிடுங்கள்.