குணமாக்கும் விகிதம் குறைவான மாத்திரைக்கு எப்படி அனுமதி கிடைத்தது?

கேள்வி: செட்சி ஈ கடித்துப் பரவி மூளையைத் தாக்கும் ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கு வந்த ஃபெக்சினிடசோல் மாத்திரை, சோதனையில் பழைய சிகிச்சையை விடக் குறைவான பேரைத்தான் குணப்படுத்தியதாமே. பிறகு எப்படி அனுமதித்தார்கள்?

மருத்துவ ஆய்வுகளின் தரவைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. இந்த ஆய்வில் நான் வேலை செய்ததில்லை, ஆனால் எங்கள் துறைக்கு வரும் புதியவர்களிடம் இதைப் படிக்கச் சொல்வேன்.

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஒன்பது மையங்கள், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் ஒன்று, மொத்தம் 394 நோயாளிகள். 18 மாதம் கழித்துப் பார்த்ததில் குணமானவர்கள் மாத்திரைக்கு 91 சதவீதம், 'நெக்ட்' என்ற பழைய சிகிச்சைக்கு 98 சதவீதம். ஆனால் வித்தியாசம் 13 சதவீதப் புள்ளிக்குள் நின்றால் ஏற்கலாம் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

இவ்வளவு தாராளம் ஏன்? நெக்ட் கொடுக்கிற விதத்தைப் பாருங்கள். எஃப்ளோர்னிதின் டிரிப்ஸ் ஏழு நாளைக்கு, தினமும் இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம். கூடவே பத்து நாள் நிஃபர்டிமாக்ஸ் மாத்திரை. சலைன், படுக்கை, ராத்திரியும் பகலும் நர்ஸ் எல்லாம் வேண்டும். நோய் இருப்பதோ ரோடே இல்லாத ஆற்றங்கரைக் கிராமங்களில். இதற்கும் முந்தைய மெலார்சோப்ரால் ஆர்சனிக் கலந்தது. போட்டுக்கொண்டவர்களில் சுமார் 5 சதவீதம் பேர் அந்த மருந்தாலேயே இறந்தார்கள். ஃபெக்சினிடசோலோ பத்து நாள் விழுங்கினால் போதும். கேட்கவில்லை என்றால் நெக்ட் கைவசம் இருக்கிறது.

அந்த ஏழு சதவீதம் எங்கே போனது என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் மூளையில் நோய் மிகவும் முற்றியவர்களிடம். அதனால்தான் 2019இல் உலக சுகாதார நிறுவனம், முதுகுத் தண்டு நீரில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100 அல்லது அதற்கு மேல் வெள்ளணுக்கள் (நோய் அப்படி முற்றியதன் அடையாளம்) இருந்தால் நெக்ட்டே கொடுங்கள் என்றது.

இன்னொரு சிக்கல் சாப்பாடு. வெறும் வயிற்றில் இந்த மருந்து உடம்பில் சரியாக ஏறாது. ஆப்பிரிக்காவுக்குப் போகுமுன், ஆரோக்கியமானவர்களிடம் நடத்திய முதல் கட்டச் சோதனையிலேயே சோறும் பீன்ஸும் கொடுத்து அளந்து பார்த்தார்கள். ஹோட்டல் பிரேக்ஃபாஸ்டோடு சோதித்திருந்தால் கிராமத்துக்கு அந்தக் கணக்கு உதவியிருக்காது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம், அடுத்து வந்த அகோசிபோரோல் ஒரே தடவை விழுங்குவது. 208 பேரிடம் சோதித்தார்கள், ஆனால் ஒப்பிட, பழைய சிகிச்சை பெறும் இன்னொரு குழுவே கிடையாது. அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் 2018 முதல் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் குறைவானவர்களுக்கே இந்த நோய் வருவதாகப் பதிவாகிறது. ஒப்பிடுவதற்காக அவர்களில் பாதிப் பேரைத் தேடிப் பிடித்து மறுபடி டிரிப்ஸில் படுக்க வை என்று நானும் சொல்லமாட்டேன்.